கழற்ற வேண்டாம்

உதயரூபன் கை வைத்த பொருள் எதுவும் பழைய நிலைக்குத் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. கிணற்று மோட்டரைத் திருத்தினான், அது இப்போது சத்தம் போடுகிறதே தவிரத் தண்ணீர் தருவதில்லை. மின்விசிறியைத் திருத்தினான், அது மாரி மழையிலும் முழு வேகத்தில்தான் சுற்றும். சோறு சமைக்கிற குக்கரைப் பற்றி அவன் பெண்சாதி சுலோஜனா பேசுவதையே விட்டுவிட்டாள். ஆனால் அவையெல்லாம் வீட்டுப் பொருட்கள், இல்லாமலும் சமாளிக்கலாம். கொம்பியூட்டர் அப்படியல்ல, அச்சுக்குப் பக்கம் கோர்த்துக் கொடுக்கிற அவளுக்கு அதுதான் தொழில்.

அன்று காலை ஆறரை மணிக்கு அந்தக் கொம்பியூட்டரின் சுவிட்சை அழுத்திவிட்டுத் தேநீரோடு உட்கார்ந்தவளுக்கு முன்னால் கறுப்புத் திரை ஒன்று வந்து நின்றது. இடது மூலையில் இரண்டு வரி ஆங்கிலம். அப்படியொரு சாதனம் இல்லை என்றது முதல் வரி. இரண்டாவது வரி 'கிரப் ரெஸ்கியூ' என்று எழுதிவிட்டு, பக்கத்தில் ஒரு சின்னக் கோட்டைச் சிமிட்டவிட்டுக்கொண்டு நின்றது. ரெஸ்கியூ என்றால் காப்பாற்றுவது என்று அவளுக்குத் தெரியும். யார் யாரைக் காப்பாற்றப் போகிறார்கள் என்றுதான் தெரியவில்லை. மூன்று தரம் நிறுத்திப் போட்டாள். மூன்று தரமும் அதே இரண்டு வரி, அதே சிமிட்டல்.

அவளுக்கு யோசிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. இது அவனுடைய வேலைதான்.

மூன்று கிழமைக்கு முன்னர் உதயரூபன் யூடியூப்பில் எதையோ பார்த்துவிட்டு வந்து, இந்த மெசினுக்கு வயசாகிவிட்டது, விண்டோஸ் அதுக்குப் பாரம் என்றான். லினக்ஸ் என்று இன்னொன்று இருக்கிறதாம், இலவசமாம், வைரஸ் அண்டாதாம், பழைய மெசினிலும் பறக்குமாம். சுலோஜனா வேண்டாம் என்றாள். தன்னுடைய எழுத்துருவும் பக்கம் கோர்க்கிற மென்பொருளும் பழையவை, விண்டோஸைத் தவிர வேறு எதிலும் திறக்காது என்றாள். அவன் அவளுடைய பக்கத்தைத் தொடவே மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினான். அவள் ஒரு நாள் தன்னாமுனையில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வருவதற்குள் வேலையை முடித்தும் விட்டான். அதற்குப் பிறகு மெசினைப் போட்டால் முதலில் ஒரு பட்டியல் வரும். மேலே லினக்ஸ் நாலு வரியில் கால் நீட்டிக்கொண்டு கிடக்கும், விண்டோஸ் கடைசி வரியில் ஒதுங்கி நிற்கும். பத்துச் செக்கனுக்குள் கீழே இறங்கி அதைத் தட்டாவிட்டால் மெசின் லினக்ஸுக்குள் போய்விடும். தன் சொந்தத் தொழிலுக்குத் தினமும் வரிசையில் நின்று போகவேண்டியிருந்தாலும் சுலோஜனா அதையும் பொறுத்துக்கொண்டாள். இன்றைக்கு அந்தப் பட்டியல்கூட இல்லை.

"இஞ்சருங்க," என்று கூப்பிட்டாள். அந்த ஒரு சொல்லிலேயே உதயரூபனுக்கு விளங்கியிருக்க வேண்டும். பல் துலக்கிய வாயோடு ஓடிவந்தான்.

வேறு எந்த நாளாக இருந்தாலும் அவள் இவ்வளவு கொதித்திருக்க மாட்டாள். அன்று நவராத்திரியின் ஒன்பதாம் நாள். நகரத்தில் அவள் வழக்கமாகக் கொடுக்கிற அச்சகத்தில் பின்னேரம் மெசின்களுக்குப் பூசை. பூசைக்கு வைத்துவிட்டால் விஜயதசமி முடியும் வரைக்கும் ஒரு தாளும் அடிக்க மாட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு முன்னர் பைல் வந்தால் பூசைக்கு முன் அடித்துத் தருகிறோம், ஒரு நிமிசம் பிந்தினாலும் எங்களைக் குறை சொல்லக்கூடாது என்று முதலாளி முதல் நாளே சொல்லியிருந்தார். அடிக்க வேண்டியது ஒரு கல்வெட்டு. செத்தவரின் முப்பத்தோராம் நாளில் வருகிற சனத்தின் கையில் கொடுக்கிற நினைவுப் புத்தகம். அந்த முப்பத்தோராம் நாள் நாளைக்கு. கல்யாண அட்டை பிந்தினால் மாப்பிள்ளை வீட்டாரோடு சண்டை பிடித்துச் சமாளிக்கலாம். கல்வெட்டை மறு நாள் கொடுக்க முடியாது.

கல்வெட்டுக்கு உரியவர் ஆச்சிப்பிள்ளை, வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் ஒரு கமக்காரக் குடும்பத்து மனுசி. அவருடைய புருசன் அழகரத்தினம் பாதைப் படகில் வாவியைக் கடந்து, பஸ் ஏறி, சுலோஜனாவின் வீடு இருக்கிற கல்லடிக்கு இதுவரை ஐந்து தரம் வந்துவிட்டார். மகன்மார் எழுதித் தந்த வரலாறு, வம்சாவளி, தேவாரம் எல்லாவற்றையும் சுலோஜனா கோர்த்து, மாதிரித் தாள் எடுத்து அவர்களிடம் கொடுத்தும் விட்டாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்திருக்கும்போதுதான் முந்தைய நாள் மத்தியானம் கிழவர் தனியாக வந்து நின்றார். கடைசிப் பக்கத்தில் நாலு வரி சேர்க்க வேணும், மகன்மாருக்குத் தெரியத் தேவையில்லை, அச்சில் வந்த பிறகு வாசிக்கட்டும் என்றார்.

அவருக்கு எழுத வராது. நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார், சுலோஜனா நேராக அப்படியே அடித்தாள். நாற்பத்தொரு வருசத்துக்கு முன்னர் ஒரு மாரிப் போகத்தில் அவர்களுடைய வயல் வட்டையில் மாடு புகுந்து, கதிர் வெளிவராத குடலைப் பருவத்து நெல் முழுவதையும் ஒரே இரவில் மிதித்துத் தின்றுவிட்டது. வேலிக் கடப்பின் தடிகளைப் போடாமல் வந்தது பெண்சாதிதான் என்று அழகரத்தினம் வட்டைக்காரர் அத்தனை பேருக்கும் முன்னால் ஆச்சிப்பிள்ளையை ஏசினார். ஆச்சிப்பிள்ளையும் தான்தான் மறந்திருப்பேன் என்று நம்பி அழுதார். அதற்குப் பிறகு ஒவ்வொரு போகத்திலும், வீட்டில் எது காணாமற்போனாலும், எது கெட்டாலும், கடப்பை மூடாத கையல்லவா என்று ஒரு பேச்சு. ஆனால் அன்று கடைசியாக வயலுக்குப் போய் வந்தது அழகரத்தினம். மறுநாளே அது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. வாய்தான் வரவில்லை. சொல்லி முடித்ததும் எழுந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அந்த நாலு வரி தாளில் இல்லை, வேறு எவரிடமும் இல்லை, இந்தச் சனியன் பிடித்த மெசினுக்குள் மட்டும்தான் இருந்தது.

உதயரூபன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கைபேசியில் எதையோ பார்த்துப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான். தட்டுகிற ஒவ்வொரு வரிக்கும் கீழே, எனக்கு இது தெரியாது என்ற கருத்தில் மெசின் ஒரு பதில் சொன்னது. அவன் வேறொன்றைத் தட்டினான். மெசின் அதே பதிலைச் சொன்னது. ஏழு மணிக்கு அவன் வெளியே வேலியடியில் நின்று கைபேசியில் பீலிக்ஸோடு பேசிவிட்டு வந்தான். பீலிக்ஸ் நகரத்தில் கொம்பியூட்டர் திருத்துகிறவன், கைராசிக்காரன். அவன் இன்றைக்கென்று பார்த்து வாழைச்சேனையில் ஏதோ வேலையாக நிற்கிறானாம், விண்டோஸைச் சரிபண்ணுகிற பென் டிரைவும் அவனோடுதான் இருக்கிறதாம், மூன்று மணிக்குத்தான் வருவானாம்.

மூன்று மணிக்கு வந்து என்ன செய்ய, மெசினுக்குச் சந்தனப் பொட்டு வைக்கவா என்று சுலோஜனா கேட்டாள். அவன் உட்கார்ந்து மறுபடியும் தட்டினான்.

ஏழே முக்காலுக்கு அழகரத்தினம் வந்துவிட்டார், அச்சடித்த புத்தகத்தைக் கையோடு கொண்டுபோக. முன் விறாந்தையில் கதிரை போட்டு உட்கார வைத்து, மெசினில் சின்னப் பிழை ஒன்று என்றாள். கிழவர் தலையாட்டினார். அறைக்குள் நடப்பது அத்தனையும் விறாந்தைக்குக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அவளால் வாயை அடக்க முடியவில்லை. கிணற்று மோட்டரில் தொடங்கினாள், குக்கர் வரைக்கும் வந்தாள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அது ஏன் ஒரு மனுசனுக்கு விளங்காது என்றாள். கமநல சேவை நிலையத்தில் பைல் கட்டுகிற ஆளுக்கு லினக்ஸ் என்னத்துக்கு என்றாள். ஊரில் எத்தனை ஆம்பிளைகள் சனிக்கிழமை என்றால் சந்தைக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு வருகிறார்கள் என்றாள். உதயரூபன் கழுத்தைக் குனிந்துகொண்டு, ஓம், ஓம் என்று தட்டிக்கொண்டிருந்தான். அந்த ஓம்தான் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. எதிர்த்து ஒரு சொல் சொல்லியிருந்தால் பாதிக் கோபம் அதிலேயே இறங்கியிருக்கும்.

ஒன்பதரைக்குக் கிழவரின் மூத்த மகன் தொலைபேசியில் வந்தான். விசயத்தைக் கேட்டுவிட்டு, மெசின் வராவிட்டால் பரவாயில்லை, தங்களிடம் மாதிரித் தாள் இருக்கிறது, களுவாஞ்சிக்குடியில் தெரிந்த ஒரு இடம் திறந்திருக்கிறது, அதை அப்படியே பிரதி எடுத்துக் கட்டிவிடுவோம் என்றான். பத்தரை வரைக்கும் பார்ப்பானாம். நல்ல பிள்ளை, உதவி செய்வதாகத்தான் நினைத்தான். அவள் விறாந்தைக்கு வந்து கிழவரிடம் அதைச் சொன்னாள். அந்த நாலு வரியையும் இன்னொரு தரம் சொன்னால் கையால் எழுதிக் கொடுக்கிறேன், அதையும் சேர்த்துப் பிரதி எடுக்கலாம் என்றாள்.

அழகரத்தினம் கையை ஆட்டி மறுத்தார்.

"மறுகா ஒருக்காச் சொல்ல என்னால ஒண்ணாது, மகள்," என்றார். "நேத்துச் சொன்னதே எப்பிடிச் சொன்னன் எண்டு தெரியா. நீ அடிச்சது இருந்தா வரட்டும். இல்லாட்டி விடு."

விடு என்று சொன்ன பிறகு அவரிடம் இன்னொரு தரம் கேட்கச் சுலோஜனாவுக்கு மனம் வரவில்லை. அவளே எழுதலாமே என்று ஒரு யோசனை வந்தது. ஆனால் அவர் சொன்ன சொல் எது, தான் நினைவில் ஒப்பேற்றிய சொல் எது என்று அவளுக்குச் சரியாகப் பிரிக்க வரவில்லை. நாற்பத்தொரு வருசம் அடக்கி வைத்திருந்ததை அவள் தன் வாய்க்கு வந்த மாதிரி எழுதி அவருடைய பெயரைப் போட முடியாது. உள்ளே வந்து, நீங்கள் கை வைத்த நேரம் ஒரு செத்த மனுசிக்குக்கூட நியாயம் கிடைக்காமல் போகப் போகிறது என்று புருசனைப் பார்த்துச் சொன்னாள். அது அவளுக்கே அதிகமாகத்தான் பட்டது. ஆனாலும் சொன்னாள்.

பத்தேகால் ஆனதும் அவளுக்குப் பொறுமை அறுந்தது. உதயரூபன் முகம் கழுவப் போன நேரத்தில் பீலிக்ஸுக்குத் தானே அழைப்பெடுத்தாள். தம்பி, உன்னால் இப்போதே வரமுடியாதா, ஒரு வழியும் இல்லையா என்று கேட்டாள்.

பீலிக்ஸுக்கு விளங்கவில்லை.

"அக்கா, நான் காலம்பறயே உதயன் அண்ணனுக்குச் சொன்னன்தானே. அந்த வெளி டிஸ்கைத் திருப்பிப் பூட்டுங்க, எல்லாம் தானா வரும் எண்டு. அவர் இன்னும் பூட்டல்லயா?"

எந்த டிஸ்க் என்றாள். பீலிக்ஸ் விளக்கினான். அண்ணன் லினக்ஸைப் போட்டது மெசினுக்கு உள்ளே இல்லை, அக்காவின் பக்கத்தைத் தொடக்கூடாது என்று வெளியில் ஒரு கறுப்பு டிஸ்கில் போட்டிருக்கிறார். ஆனால் போடும்போது அந்தப் பட்டியலைக் காட்டுகிற வாசல்காரனை மட்டும் தெரியாமல் உள்ளே நிறுத்திவிட்டார். மெசின் எழும்பினால் வாசல்காரன் முதலில் வெளி டிஸ்குக்குப் போய்ப் பெயர் இடாப்பை எடுத்துப் பார்ப்பான். இடாப்பு இல்லாவிட்டால் அவனுக்கு விண்டோஸும் தெரியாது, ஒன்றும் தெரியாது. விண்டோஸுக்கு ஒன்றும் ஆகவில்லை, பைல் எல்லாம் அப்படியே இருக்கும். டிஸ்க் இல்லாமல் ஏதும் வழி இருக்கிறதா என்று அண்ணன் கேட்டார், நானும் நாலு வரி சொல்லிக் கொடுத்தேன், ஆனால் அது சரிவராது என்றும் அப்போதே சொன்னேன் என்றான்.

சுலோஜனா கைபேசியை மேசையில் வைத்தாள். அந்தக் கறுப்புப் பெட்டி எங்கே இருக்கிறது என்று இந்த வீட்டில் அவளைவிட நன்றாக எவருக்கும் தெரியாது.

சாமியறையில் இருந்தது. சரஸ்வதி படத்துக்கு முன்னால், மகள் தக்ஷாயினியின் புத்தக அடுக்குக்கு மேலே, வெள்ளைத் துணியில், சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு செவ்வரத்தம் பூவோடு. அவளுடைய கையால் வைத்தது. ஒவ்வொரு வருசமும் அவள் தன் தொழில் சாமான் என்று விசைப்பலகையையும் மவுசையும் பூசைக்கு வைப்பாள். இந்த வருசம் கல்வெட்டு வேலை ஒரு நாள் மிச்சம் இருந்ததால் அவற்றை வைக்க முடியவில்லை. ஒன்றுமே வைக்காமல் விடவும் மனம் கேட்கவில்லை. மெசினுக்குப் பின்னால் சும்மா தொங்கிக்கொண்டு கிடந்தது அந்தப் பெட்டி. முந்தைய நாள் பின்னேரம் மெசினை நிறுத்திய கையோடு அதைக் கழற்றி, தூசு துடைத்து, மேலே ஒட்டியிருந்த அழுக்குப் பிளாஸ்டரையும் பிய்த்தெறிந்துவிட்டு, கொம்பியூட்டர் சார்பில் அதுவே இருக்கட்டும் என்று கொண்டுபோய் வைத்தாள். வைக்கும்போது தன் கெட்டித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டதும் ஞாபகம் வந்தது.

திரும்பி வந்து மேசைக்குக் கீழே குப்பைக் கூடையைக் கிளறினாள். பிளாஸ்டர் சுருண்டுபோய்க் கிடந்தது. விரித்துப் பார்த்தாள். உதயரூபனின் பைல் கட்டுகிற குண்டு எழுத்தில், நீல மையில், 'கழற்ற வேண்டாம்' என்றிருந்தது.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, அவள் கையில் இருப்பதைப் பார்த்து அப்படியே நின்றான்.

"எப்பக் கண்டீங்க?" என்றாள்.

"பீலிக்ஸோட கதைக்கப் போகக்குள்ள, சாமியறையில. பொட்டெல்லாம் வைச்சிருந்தாய்."

"அப்ப ஏன் வாயத் திறக்கல்ல?"

"போன வருசம் பிள்ளை ஒரு கெமிஸ்ட்ரிக் கொப்பிய இடையில உருவி எடுத்ததுக்கு நீ இண்டைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுறாய், சுலோ. அடுத்த மாசம் அவ மறுகா ஏ எல் சோதினை எழுதப் போறா. இதை நான் எடுத்து, அவவுக்கு ஏதும் பிசகினா, ஆயுசுக்கும் இந்த வீட்டில அதுதான் பேச்சு. உன்ர ஏச்சைக் காலம்பற முழுக்க வாங்கினாலும் பின்னேரத்தோட முடிஞ்சிரும் எண்டு பாத்தன்."

அவனும் எரிச்சலோடுதான் சொன்னான். நியாயம் பேசுகிற குரல் அல்ல, களைத்துப்போன குரல். போன வருசம் தக்ஷாயினி பூசைக்கு வைத்த கொப்பியை விஜயதசமிக்கு முன்னர் எடுத்ததும், பிறகு அந்தப் பாடத்தில் கோட்டை விட்டதும், அதற்குப் பிறகு அந்தக் கொப்பியின் பேச்சு எத்தனை தரம் சாப்பாட்டு மேசைக்கு வந்தது என்பதும் சுலோஜனாவுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பிள்ளை வீட்டில் இருக்க விருப்பமில்லாமல்தான் இந்த நாலு நாளும் தன்னாமுனையில் பெரியம்மா வீட்டில் நிற்கிறாள் என்று சந்தேகம் ஒன்று அவளுக்கு இருந்தது. இப்போது அது சந்தேகமாக இல்லை. கடப்பை மூடாத கையல்லவா என்ற பேச்சை அவள் நேற்றுத்தான் தன் காதால் கேட்டிருந்தாள். வெட்கம் காது வரைக்கும் ஏறியது.

ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்க நேரம் இல்லை. பத்தரை ஆகிவிட்டது. மூத்த மகனுக்கு அழைப்பெடுத்து, களுவாஞ்சிக்குடிக்குப் போகவேண்டாம், புத்தகம் வரும் என்றாள். பிறகு சாமியறை வாசலில் போய் நின்று யோசித்தாள். பூசைக்கு வைத்ததை எடுக்கக்கூடாது என்பதுதான் முறை. இருந்த இடத்திலேயே இருக்க விட்டு அதில் ஒரு வயரைப் பூட்டக்கூடாது என்று எவரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. சரஸ்வதி இங்கே வரமாட்டா, நாங்கள்தான் அங்கே போகவேணும்.

"பெட்டிய எடுக்கத் தேவையில்ல. மெசினத் தூக்குங்க," என்றாள்.

உதயரூபன் மெசினைத் தூக்கினான். அவள் திரையைத் தூக்கினாள். மின்சாரம் போனால் தாங்குகிற பற்றறிப் பெட்டியைத் தூக்க ஆள் இல்லாமல் இருக்கும்போது அழகரத்தினம் எழுந்து வந்து அதைத் தூக்கிக்கொண்டார். சாமியறை வாசல் வரைக்கும் கொண்டுவந்து நிலத்தில் வைத்துவிட்டு நின்றுவிட்டார். தனக்குத் துடக்கு, முப்பத்தொன்று முடியாமல் உள்ளே வரக்கூடாது என்றார். சுலோஜனா அவருக்கு வாசலுக்கு வெளியே கதிரையைப் போட்டாள்.

டிஸ்கின் வயர் ஒரு முழம்கூட இல்லை. மெசினைப் புத்தக அடுக்கோடு ஒட்டவைத்து, கடலைத் தட்டையும் அவல் தட்டையும் நகர்த்தி, குத்துவிளக்கு சுடாத தூரத்தில் திரையை வைத்து, உதயரூபன் குப்புறப் படுத்துக்கொண்டு வயரைப் பூட்டினான். செவ்வரத்தம் பூ இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. சுலோஜனா சுவிட்சை அழுத்திவிட்டு, சாமியைப் பார்ப்பதா திரையைப் பார்ப்பதா என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் பார்த்தாள். கறுப்பு வந்தது. பிறகு பட்டியல் வந்தது. மேலே லினக்ஸ் நாலு வரியில் கால் நீட்டிக்கொண்டு கிடந்தது. கடைசி வரிக்கு இறங்கித் தட்டினாள். விண்டோஸ் ஆடி அசைந்து எழும்பியது. மூன்று கிழமையாக அவள் திட்டித் தீர்த்த அந்தப் பட்டியலைக் கண்டு கண் கலங்குவாள் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர்களையும் திட்டியிருப்பாள்.

விசைப்பலகையை மடியில் வைத்து, சப்பாணி கட்டி உட்கார்ந்து பைலைத் திறந்தாள். முப்பத்திரண்டு பக்கமும் இருந்தது. கடைசிப் பக்கம் இருந்தது. அச்சுக்குப் போவதற்கு முன்னர் அவர் ஒரு தரம் கேட்கவேணும், அவர் உள்ளே வந்து பார்க்கவும் முடியாது, வாசிக்கவும் வராது. அதனால் வாசலுக்குக் கேட்கும்படி அவள் சத்தமாக வாசித்தாள்.

"அந்த மாரிப் போகத்தில் கடப்பைத் திறந்து விட்டு வந்தது என் மனைவி ஆச்சிப்பிள்ளை அல்ல. நான்தான். அது எனக்கு மறுநாளே தெரியும். அவ சாகும்வரை நான் அதைச் சொல்லவில்லை. இதை வாசிக்கிற எல்லோரும் இனி அவவைப் பற்றி அப்படிச் சொல்லக்கூடாது."

உதயரூபன் அதுவரை அந்தப் பக்கத்தைப் பற்றி அறியமாட்டான். படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்து வாசல் பக்கம் பார்த்தான். ஏதாவது மாற்ற வேணுமா ஐயா என்று சுலோஜனா கேட்டாள். ஒன்றும் மாற்ற வேண்டாம், அப்படியே போகட்டும் என்றார் அழகரத்தினம்.

பதினொன்றேகாலுக்குப் பைல் பென் டிரைவில் ஏறியது. உதயரூபன் சட்டையை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்தான். பாலத்தைத் தாண்டினால் அச்சகம் பத்து நிமிசம். கிழவரும் கூடவே போவதென்று முடிவாயிற்று. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறப்போனார். உதயரூபன் கேற்றின் கொளுவியைக் கழற்றிக்கொண்டு நின்றான். இந்த நிமிசத்தில் இவர்கள் போய்விட்டால் விசயம் முடிந்துவிடும். அவன் கேட்கப் போவதில்லை. கிழவருக்கு உண்மை தெரியாது, அவருக்குத் தெரிந்தது காலையிலிருந்து ஒரு பெண்சாதி புருசனை ஏசிய ஏச்சு மட்டும்தான். மெசின் எப்படியோ சரிவந்தது என்று அவர் போய்விடுவார். சுலோஜனா வாசற்படியில் நின்று அந்தப் பிளாஸ்டர் துண்டை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு இறங்கி வந்தாள்.

"ஐயா, ஒரு சொல்லு," என்றாள். "காலம்பறயில இருந்து இவரை நான் ஏசினதெல்லாம் நீங்க கேட்டிருப்பீங்க. இவர் பிழை விட்டதும் உண்மைதான். ஆனா மெசின் நிண்டது இவரால இல்ல. அந்தப் பெட்டியைக் கழட்டினது நான்தான். கழட்ட வேணாம் எண்டு எழுதியிருந்ததையும் பிச்செறிஞ்சிட்டுக் கழட்டினன்."

உதயரூபன் கேற்றைத் திறப்பதை விட்டுவிட்டு, அதில் பிடிக்க ஏதோ இருப்பதுபோலப் பிடித்துக்கொண்டு நின்றான். முகத்தை இந்தப் பக்கம் திருப்பவில்லை. அழகரத்தினம் அவனைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"எத்தினை மணித்தியாலம் புள்ள அவனை ஏசின?"

அவள் கணக்குப் பார்த்தாள். "நாலு, நாலரை இருக்கும் ஐயா."

"நாலரை மணித்தியாலம்," என்றார் கிழவர். "எனக்கு வாய் வர அவ போய்ச் சேரவேண்டியிருந்தது."

அவர் பின்னால் ஏறி உட்கார்ந்து, உதயரூபனின் தோளைப் பிடித்துக்கொண்டார். மோட்டார் சைக்கிள் ஒழுங்கை முனையில் திரும்பும்போது உதயரூபன் வேகத்தைக் குறைத்து, பீலிக்ஸ் வரும்வரைக்கும் மெசினை நிப்பாட்ட வேண்டாம் என்று கத்திச் சொன்னான். அவள் ஓம் என்றாள். உள்ளே போய், சாமியறையில் உட்கார்ந்து, பிளாஸ்டரை நீவி, பொட்டுக்குப் பக்கத்தில் பழைய இடத்திலேயே ஒட்டினாள். பிறகு தன்னாமுனைக்கு அழைப்பெடுத்து, தக்ஷாயினியைக் கூப்பிடச் சொன்னாள்.